நமக்கென்ன என்று இருக்கலாமா?

(தோட்டக் கிளையின் மாதக் கூட்டத்தில் கிளைச் செயலாளர் நிகழ்த்திய உரை)

  காலையில் மரம் வெட்டி, பால் எடுத்து, எடை போட்டுவிட்டு, களைப்பையும் பாராமல் வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே! ஆபீஸ் நண்பர்களே! 

சென்ற மாதக் கூட்டத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். பாலஸ்தீன மக்களின் உரிமை குறித்து நம் கிளையில் ஒரு மாலை வகுப்பு நடத்தலாம் என்பதே அந்த யோசனை. உடனே மூன்று பேர் எழுந்தார்கள்.

முதலாமவர் நம்முடைய மூத்த பால்மரத் தொழிலாளி. "தம்பி கிராணி! நம்ம வீட்டுக் கூரையே ஒழுவுது. எங்கேயோ இருக்கிறவனுக்கு என்ன ஆனா நமக்கென்ன? நம்மைத் தோட்டத்தை விட்டு விரட்டினப்ப எவன் வந்தான்?" என்று கேட்டார். இரண்டாமவர், "அது மதச் சண்டை, நாம் தலையிட வேண்டாம்" என்றார். மூன்றாமவர் ஓர் இளைஞர். அவர் என் யோசனையை ஆதரித்தார். ஆனால் ஆதரித்த வேகத்தில் யூத இனத்தையே சபித்துப் பேசினார்.

அன்று நேரமில்லாததால் பதில் சொல்லவில்லை. இன்று தலைவர் அவர்கள் அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார். இந்த மூவருக்கும் மரியாதையோடு பதில் சொல்வதே என் வேலை. நான் பெரிய படிப்புப் படித்தவனல்லன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் எழுத்துக் கற்றவன். செக்ரோல் எழுதிப் பிழைப்பவன். ஆகவே கணக்குப் பார்க்கிற முறையிலேயே பேசுகிறேன்.

ஒரே ஆண்டு, ஒரே கை

தோழர்களே! 1948-ஆம் ஆண்டு என்றால் நம் நாட்டுப் பெரியவர்களுக்கு என்ன நினைவு வரும்? அவசரகாலம். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பிரிட்டிஷார் மலாயாவில் அவசரகாலத்தைப் பிரகடனம் செய்தார்கள். விசாரணையில்லாமல் அடைத்துப் போட்டார்கள். ஊர் ஊராகப் பெயர்த்து முள்கம்பி வேலிக்குள் குடியேற்றினார்கள். தோட்டத்து லயங்களும் வேலிக்குள் வந்தன.

அப்போது பத்து வயதுச் சிறுமியாக இருந்த என் பாட்டி சொல்வார்: "விடியக்காலை கேட்டுல வரிசையா நிக்கணும். தூக்குச் சட்டிய தொறந்து காட்டணும். ஒரு பிடி சோறு இருந்தாலும் காட்டுக்குக் கொண்டு போக விட மாட்டான். உச்சி வெயில் வரைக்கும் பட்டினியா மரம் வெட்டுவாங்க எங்கம்மா."

அதே 1948-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் பாலஸ்தீனத்தைவிட்டு பிரிட்டிஷார் வெளியேறினார்கள். அங்கே அவர்களுடைய தலைமைச் செயலாளராக இருந்தவர் சர் ஹென்றி கர்னி. அவர்தான் அவ்வருடம் அக்டோபரில் மலாயாவின் ஹை கமிஷனராக வந்தார். 1951-இல் பிரேசர் மலைப் பாதையில் சுட்டுக் கொல்லப்பட்டவரும் அவரே. பாலஸ்தீனப் போலீஸின் தலைவராக இருந்த கிரே என்பவர் நம் நாட்டுப் போலீஸ் கமிஷனரானார். அங்கே வேலை முடிந்த போலீஸ்காரர்கள் நூற்றுக்கணக்கில் கப்பலேறி இங்கே வந்து சேர்ந்தார்கள்.

ஆட்கள் மட்டுமா வந்தார்கள்? ஆளும் முறையும் கூட வந்தது. 1945-இல் பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷார் அவசரகாலப் பாதுகாப்பு விதிகள் எழுதினார்கள். விசாரணையில்லாமல் காவலில் வைக்கலாம், சந்தேகப்பட்டவன் வீட்டை இடிக்கலாம் என்பவை அவற்றுள் சில. எழுதியவன் போய்விட்டான். எழுத்துப் போகவில்லை. மேற்குக் கரையில் வீடுகளை இடிக்க இஸ்ரேல் இராணுவம் அந்த விதியைத்தான் எடுத்துக் காட்டி வந்திருக்கிறது. நம் நாட்டிலோ அவசரகாலம் 1960-இல் முடிந்தது. ஆனால் விசாரணையில்லாக் காவல் வேறொரு சட்டமாக மாறி, 2012-இல் அச்சட்டம் நீக்கப்படும் வரை நீடித்தது.

நமக்கென்ன என்று கேட்ட ஐயா அவர்களே! உங்கள் தாயாரின் தூக்குச் சட்டியைத் திறந்து பார்த்த அதே துரைத்தனந்தான் அவர்கள் வாசலிலும் நின்றது. இதுதான் என் முதல் பதில்.

சாவி

அங்கே நடந்தது என்ன? 1947 நவம்பர் 29-இல் ஐக்கிய நாட்டுச் சபை பாலஸ்தீனத்தை இரண்டாகப் பிரிக்கத் தீர்மானித்தது. அதையடுத்து மூண்ட போரில் 7 லட்சத்துக்கு மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வீடு வாசலை இழந்து அகதிகளானார்கள். நானூற்றுக்கு மேற்பட்ட கிராமங்கள் ஆளில்லாமல் அழிந்தன.

1948 டிசம்பர் 10-இல் ஐக்கிய நாட்டுச் சபை மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. மறுநாளே, டிசம்பர் 11-இல், நிம்மதியாக வாழ விரும்பும் அகதிகள் தங்கள் வீடுகளுக்குத் திரும்ப அனுமதிக்கப்பட வேண்டும் என்றும் தீர்மானித்தது. இரண்டு நாட்களில் இரண்டு நல்ல காகிதங்கள். வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர்? மிகச் சிலரே. மற்றவர்களுக்குக் கூடாரம் கிடைத்தது. கூடாரம் பிறகு தகரக் கொட்டகையாயிற்று. கொட்டகை பிறகு சந்து பொந்தான கல்வீடாயிற்று. 1967 போரில் மேற்குக் கரையும், கிழக்கு ஜெருசலமும், காஸாவும் இஸ்ரேல் இராணுவத்தின் பிடிக்குள் போயின.

அகதிக் குடும்பங்களில் பல, விட்டு வந்த வீட்டின் சாவியை இன்னும் வைத்திருக்கின்றன. பாட்டன் மகனுக்குத் தர, மகன் பேரனுக்குத் தருகிறான். இதைப் படித்தபோது எனக்கு என் தகப்பனார் நினைவு வந்தது. நான் பிறந்த தோட்டம் விற்கப்பட்டது. மரங்கள் சாய்ந்தன. இன்று அங்கே கோல்ஃப் பந்து அடிக்கிறார்கள். அந்த லயத்து வீட்டுச் சாவி இன்னும் எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் தொங்குகிறது. "திறக்க வீடில்லையே, எதற்கப்பா?" என்று ஒருமுறை கேட்டேன். "இருக்கட்டும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அவர்கள் துயரமும் நம் துயரமும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. நம்மேல் விமானம் குண்டு போடவில்லை. ஆனால் அந்தச் சாவியின் பொருள் நமக்குப் புரியும்.

விடியுமுன் வரிசை

மேற்குக் கரையிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள், 2023 வரை, இஸ்ரேலிலும் குடியேற்றங்களிலும் கட்டட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போய் வந்தார்கள். நாம் பெரட்டுக்கு எழுந்திருக்கும் நேரத்துக்கு முன்பே, இரவு இரண்டு மணி, மூன்று மணிக்கெல்லாம், சோதனைச் சாவடியின் இரும்புக் கம்பிகளுக்கிடையே வரிசையில் நிற்பார்கள். அனுமதிச் சீட்டு இருந்தால்தான் வேலை. அந்தச் சீட்டை வாங்கப் பலர் தரகனுக்கு மாதாமாதம் பணம் அழ வேண்டியிருந்தது. பழைய கங்காணி முறையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்று நம்மோடு மரம் வெட்டும் வங்காளதேசத் தோழரைக் கேட்டாலும், ஏஜெண்டு எவ்வளவு வாங்கினான் என்று கணக்குச் சொல்வார்.

1987 டிசம்பர் 8-இல், வேலை முடிந்து காஸாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளர்களின் வண்டிகள்மேல் ஓர் இஸ்ரேலிய லாரி மோதி நால்வர் மாண்டனர். மறுநாள் ஜபாலியா அகதி முகாமில் மக்கள் திரண்டார்கள். இன்டிபாதா என்ற மக்கள் எழுச்சி அங்கேதான் தொடங்கியது. கூலி வேலைக்குப் போன நான்கு பேரின் சாவில் பிறந்த எழுச்சி அது.

ஆயுதமில்லாதவர்கள்

பத்திரிகையில் குண்டு வெடித்த செய்திதான் வரும். ஆயுதமில்லாமல் நின்றவர்களின் செய்தி வருவதில்லை. ஆகவே சிலவற்றைச் சொல்கிறேன்.

பெத்லகேம் அருகே பெய்ட் சஹூர் என்றோர் ஊர். அங்கே பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். இஸ்ரேலியப் பாலை வாங்க வேண்டாம் என்று அவ்வூரார் 1988-இல் 18 பசுக்களை வாங்கிச் சொந்தமாகப் பால் கறந்தார்கள். இராணுவம் அந்தப் பசுக்களையே பாதுகாப்புக்கு ஆபத்து என்றது. ஊரார் மாடுகளை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். 1989-இல், எங்களுக்குக் குரல் கொடுக்காத ஆட்சிக்கு வரி கொடோம் என்று ஊரே நின்றது. இராணுவம் ஆறு வாரம் ஊரை முற்றுகையிட்டு, வீட்டுச் சாமான்களையும் பட்டறை இயந்திரங்களையும் அள்ளிக்கொண்டு போயிற்று. அப்படியும் அவ்வூரார் பணியவில்லை.

பிலின் என்பது மற்றொரு கிராமம். இஸ்ரேல் 2002-இல் எழுப்பத் தொடங்கிய தடுப்பு வேலி அவ்வூராரின் நிலத்தை அவர்களிடமிருந்து பிரித்தது. 2005 முதல் வெள்ளிக்கிழமைதோறும் கிராமத்தார் ஊர்வலம் போனார்கள். இஸ்ரேலிய யூதர்களும் பல நாட்டாரும் அவர்களுடன் நடந்தார்கள். 2009-இல் கண்ணீர்ப்புகைக் குண்டு நெஞ்சில் பட்டு ஒருவர் உயிர்விட்டார். ஊர்வலம் நிற்கவில்லை. 2007-இல் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றமே வேலியின் பாதையை மாற்றச் சொல்லியிருந்தது. 2011-இல் வேலி நகர்ந்தது. நிலத்தில் ஒரு பகுதி திரும்பி வந்தது. தீர்ப்பு வந்த பிறகும் நான்காண்டு நடந்த கால்கள்தான் அந்த நிலத்தை மீட்டன. கூலி ஒப்பந்தத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நமக்கு இது புதுப் பாடமல்ல.

மதச் சண்டையா? இனப் பகையா?

இப்போது இரண்டாவது நண்பருக்கும் மூன்றாவது நண்பருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

பாலஸ்தீனர்களில் இஸ்லாமியர் பெரும்பான்மையோர். கிறிஸ்தவர்களும் உண்டு. பறிபோன நிலம், இடிந்த வீடு, மறுக்கப்பட்ட பாதை ஆகியவை எந்த மதத்தைச் சேர்ந்தவை? ஜெருசலம் வீதியில் 1988 முதல் வெள்ளிக்கிழமைகளில் கறுப்புடை உடுத்தி, ஆக்கிரமிப்பை நிறுத்துக என்ற அட்டையோடு மௌனமாக நின்ற பெண்கள் யார்? இஸ்ரேலியப் பெண்கள். வழியில் போனவர்கள் அவர்களைத் துரோகி என்று ஏசினார்கள். அவர்கள் நகரவில்லை. 2001 முதல் சோதனைச் சாவடிகளில் போய் நின்று, நடப்பதைப் பார்த்து எழுதி வெளியிட்டவர்கள் யார்? அவர்களும் இஸ்ரேலியப் பெண்களே. ஆலிவ் அறுவடைக் காலத்தில் பாலஸ்தீன விவசாயி அடிபடாமல் இருக்க அவனோடு தோப்புக்குப் போய்க் காய் பறிப்பவர்களில் யூத மதகுருமார்களும் உண்டு. 1988-இல் சங்கம் வைத்தவர்கள் அவர்கள். பாட்டன் நட்ட மரத்தை ஒருவன் வேரோடு பெயர்க்கும்போது வயிறு எரியும் என்பது நமக்குத் தெரியும். அந்த மரத்தைக் காக்க வந்த யூதனையும் சேர்த்துச் சபிப்பது நியாயமா, தம்பி?

நான் பால் நிறுக்கிற ஆள். தராசு சாய்ந்தால் நீங்கள் என்னைச் சும்மா விட மாட்டீர்கள். உயிரை நிறுக்கும்போது மட்டும் தராசு சாயலாமா? 2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் இயக்கத்தாரும் மற்றவர்களும் இஸ்ரேலுக்குள் புகுந்து ஏறக்குறைய 1,200 பேரைக் கொன்றார்கள். சுமார் 250 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மாண்டவர்களில் தாய்லாந்திலிருந்து பண்ணைக் கூலியாகப் போன ஏழைத் தொழிலாளர்களும் இருந்தார்கள். அது கொடுமை. கொடுமை என்றே சொல்வோம். அதன்பின் இஸ்ரேல் நடத்திய போரில், 2025 அக்டோபரில் போர் நிறுத்தம் வந்த நாளுக்குள், காஸா சுகாதார அமைச்சின் கணக்குப்படி 67,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பெண்களும் குழந்தைகளும் அதில் ஆயிரமாயிரம். பட்டினி போட்டதும் நடந்தது. அதையும் கொடுமை என்றே சொல்வோம். உரக்கவே சொல்வோம். சர்வதேச நீதிமன்றம் 2024 ஜூலை 19-இல், பாலஸ்தீன நிலத்தில் இஸ்ரேல் தொடர்ந்து இருப்பதே சட்ட விரோதம், விரைவில் முடிக்க வேண்டும் என்று கருத்து வழங்கியது.

இரண்டு பெயர்களை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். விவியன் சில்வர் என்ற இஸ்ரேலிய அம்மையார், காஸா நோயாளிகளை எல்லையிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தம் காரில் ஏற்றிச் சென்றவர். சமாதானத்துக்காகப் பெண்களைத் திரட்டியவர். 2023 அக்டோபர் 4-இல் இஸ்ரேலியப் பெண்களும் பாலஸ்தீனப் பெண்களும் சேர்ந்து ஊர்வலம் போனார்கள். மூன்றே நாள் கழித்து அவர் தம் வீட்டில் கொல்லப்பட்டார். அவ்தா ஹதலீன் என்ற பாலஸ்தீன இளைஞர், ஹெப்ரான் தெற்கு மலைப் பகுதியில் ஆங்கிலம் கற்பித்த வாத்தியார். தம் பகுதி ஊர்கள் இடிக்கப்படுவதை உலகுக்குக் காட்டிய படமொன்றுக்கு உதவியவர். 2025 ஜூலை 28-இல் சுடப்பட்டு மாண்டார். சுட்டவன் ஒரு குடியேற்றக்காரன் என்று ஊரார் சொல்கிறார்கள். இருவரும் ஆயுதம் ஏந்தாதவர்கள். இருவரையும் ஒரே தராசில் வைத்து அழத் தெரிந்தவனே சமாதானத்துக்கு வேலை செய்ய முடியும்.

நம் மண்ணின் சாட்சி

படிப்பும் சாட்சியும் என்ன செய்யும் என்பதற்கு நம் பக்கத்து உதாரணம் ஒன்று உண்டு. டாக்டர் ஆங் சுவி சாய் பினாங்கில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்தவர். எலும்பு சிகிச்சை நிபுணர். இளமையில் இஸ்ரேல் பக்கமே நியாயம் என்று சொல்லிக் கொடுக்கப்பட்டு வளர்ந்தவர். 1982-இல் பெய்ரூட் நகரில் குண்டு விழுவதைத் தொலைக்காட்சியில் பார்த்து மனம் பொறுக்காமல், லண்டன் வேலையை விட்டுத் தொண்டராகப் போனார். செப்டம்பரில் சாப்ரா, ஷத்தீலா முகாம்களில் லெபனான் ஆயுதக் கும்பல் புகுந்து மக்களை வெட்டியும் சுட்டும் கொன்றபோது, முகாம் ஆஸ்பத்திரியில் காயம்பட்டவர்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்து கொண்டிருந்தவர் அவர். முகாமைச் சுற்றி நின்றது இஸ்ரேல் இராணுவம்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். டெல் அவிவ் நகரில் இஸ்ரேலியப் பொதுமக்களே லட்சக்கணக்கில் திரண்டு விசாரணை வேண்டும் என்றார்கள். அரசாங்கம் விசாரணைக் குழு அமைக்க வேண்டியதாயிற்று. அக்குழுவின் முன் ஜெருசலம் சென்று சாட்சி சொன்னவர்களில் நம் டாக்டரும் ஒருவர். 1983-இல் வந்த அறிக்கையால் பாதுகாப்பு மந்திரி பதவி விலக நேர்ந்தது. டாக்டர் அவர்கள் பிறகு புத்தகம் எழுதினார். 1984-இல் மருத்துவ உதவிச் சங்கம் காண்பதில் பங்கு கொண்டார். கண்டதைக் கண்டபடி சொல்வது. இதைவிடப் பெரிய தொண்டு எது?

இங்கே என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு நம் கிளைக் கைப்பேசிக் குழுவில் இடிபாட்டில் கிடந்த குழந்தையின் படம் ஒன்றை, காஸா என்று எழுதி அனுப்பினேன். நம் எட்டாம் நிரைத் தோழியின் மகள், பள்ளி மாணவி, அது பல ஆண்டுக்கு முந்திய சிரியா நாட்டுப் படம் என்று கண்டுபிடித்துச் சொன்னாள். நான் கூசிப் போனேன். செக்ரோலில் ஒரு பெயர் தவறினால் முழுக் கணக்கையும் சந்தேகிக்கிறோம் அல்லவா? பொய்ப் படம் ஒன்று போதும், உண்மையான ஆயிரம் பிணங்களையும் உலகம் நம்பாமல் போக. ஆகையால்தான் வகுப்பு வேண்டும் என்கிறேன்.

தொழிலாளி என்ன செய்ய முடியும்?

1984-இல் டப்ளின் நகரத்துக் கடை ஒன்றில், தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியில் விளைந்த பழத்துக்குப் பில் போட மாட்டேன் என்று மேரி மேனிங் என்ற இளம்பெண் மறுத்தாள். சங்கத்தின் முடிவை அவள் காத்தாள், அவ்வளவே. அவளை இடைநீக்கம் செய்தார்கள். உடன் வேலை செய்த சிலர் வெளியே வந்தார்கள். தொடக்கத்தில் அவர்களுக்கே நிறவெறி பற்றி அதிகம் தெரியாது. நாடு கடந்து வாழ்ந்த தென்னாப்பிரிக்கத் தொழிற்சங்கவாதி ஒருவர் மறியல் வரிசையில் வந்து நடந்து பாடம் சொன்னார். ஏறக்குறைய மூன்றாண்டு நின்றார்கள். 1987-இல் அயர்லாந்து அரசாங்கமே அந்நாட்டுப் பழங்களுக்குத் தடை போட்டது.

2024 பிப்ரவரியில் இந்தியத் துறைமுகத் தொழிலாளர் சம்மேளனம் ஒன்று, பாலஸ்தீனத்தின்மேல் விழப் போகும் ஆயுதங்களை நாங்கள் ஏற்ற மாட்டோம், இறக்க மாட்டோம் என்று அறிவித்தது. அதற்குச் சற்று முன்னால் பாலஸ்தீனத் தொழிலாளரின் சீட்டுகள் நிறுத்தப்பட்டு, அவர்கள் இடத்தை நிரப்ப இந்தியாவிலிருந்து கட்டட வேலைக்கு ஆள் எடுத்தார்கள். இந்தியத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. ஒருவனை வெளியே தள்ளிவிட்டு, தொலைவிலிருக்கும் ஏழையைக் கப்பலேற்றி அவன் இடத்தில் நிறுத்துவது யாருடைய தந்திரம்? நம் பாட்டன்மார் எப்படி இந்த மண்ணுக்கு வந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நான் உங்களிடம் கேட்பது மூன்றே காரியங்கள். மாதம் ஒரு மாலை, சங்க அறையில் ஒரு மணி நேரம் வாசிப்பு. சரிபார்க்காத படத்தையோ செய்தியையோ யாரும் அனுப்புவதில்லை என்ற கட்டுப்பாடு. நவம்பர் 29, பாலஸ்தீன மக்களுக்குத் தோழமை காட்டும் நாளென்று ஐக்கிய நாட்டுச் சபை 1977-இல் குறித்த நாள். அன்று நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கிளையின் பெயரால் ஒரு கடிதம். அதில் பாலஸ்தீனருக்காகக் கேட்கும் உரிமையை, இந்நாட்டில் உழைக்கும் வெளிநாட்டுத் தோழருக்கும், வீடிழந்த தோட்டத்து மக்களுக்கும் சேர்த்தே கேட்போம்.

கடைசியாக மூத்தவர் கேட்ட கேள்வி. நம்மை விரட்டினபோது எவன் வந்தான்? ஐயா, நான் பொய் சொல்ல மாட்டேன். நான் பிறந்த தோட்டத்துக்கு வெளியார் மிகச் சிலரே வந்தார்கள். ஒரு வக்கீல் வந்தார். பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர் ஒருவர் லாரி கொண்டு வந்து எங்கள் சாமான்களை ஏற்றிக்கொடுத்துக் கூலி வாங்க மறுத்தார். அவ்வளவுதான். வராதவர்களை என் தகப்பனார் மறந்துவிட்டார். அந்த லாரிக்காரரின் பெயரை மட்டும் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

யார் வந்தான் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதே கேள்வியை நாளை ஒரு பாலஸ்தீனக் கிழவர் கேட்டால், அவர் சொல்லும் சிறு பட்டியலில் நம் கிளையின் பெயரும் இருக்கட்டும் என்பதே என் ஆசை. தீர்மானத்தைத் தலைவர் அவர்கள் வாக்குக்கு விடும்படி கேட்டுக்கொள்கிறேன்.